நட்சத்திர ஜன்னலோடு கொல்லிமலை ஏறினோம்

உயரம் என்றால் எனக்குக் கால் கூசும். நாமக்கல்லிலேயே இருந்தும், எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பயந்து கொல்லிமலை பக்கம் போனதில்லை. போன கார்த்திகையில் போக வேண்டியதாயிற்று. என்னோடு வேலை பார்த்த ஓவிய ஆசிரியர் காதர் சார், வாசலூர்பட்டியில் மகள் கட்டிய வீட்டுக்கு ஒரு மர ஜன்னல் செய்திருந்தார். பணி ஓய்வுக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் அதற்கே போயின. வழியில் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்.

பள்ளிவாசல்களில் பார்த்திருப்பீர்கள், நட்சத்திரங்கள் பின்னிக் கிடக்கும் அந்த வகை. வரைவது எளிது. ஒரு வட்டம் போடுங்கள். உள்ளே ஒரு சதுரம். அதையே நாற்பத்தைந்து பாகை திருப்பி இன்னொரு சதுரம். எட்டு முனை நட்சத்திரம் வந்துவிடும். கோடுகளைப் பக்கத்து வட்டங்களுக்குள் நீட்டிவிட்டு வட்டங்களை அழித்தால், எங்கே தொடங்கினோம் என்றே தெரியாது.

மரத்தில்தான் கடினம். ஒவ்வொரு வடிவமும் தனித் துண்டு. ஆணி, பசை கிடையாது. ஒன்றின் விளிம்பு அடுத்ததன் பள்ளத்தில் உட்காரும். வெளிச்சட்டம் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். நெரிசலான டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள்: கம்பியைப் பிடிக்காதவரும் விழுவதில்லை. மரம் ஈரத்தில் உப்பும் என்பதால் மயிரிழை இடைவெளியும் உண்டு. அதனால் ஜன்னல் கடகடவென்று ஆடும்.

காலை ஆறரைக்கு வேன், வாடகை 3,500 ரூபாய். மலைமேல் செம்மேடு வரை சுமார் 55 கிலோமீட்டர்; வாசலூர்பட்டி அதற்குப் பக்கத்தில். அடிவாரமான காரவள்ளியில் டீ. பிறகு ஏற்றம். நாங்கள் இருவரும் பின்னால் ஜன்னலோடு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். நாற்பதாவது வளைவு தாண்டியதும் கண்ணைத் திறந்தால், பனிமூட்டம் வேனை விழுங்கியிருந்தது.

"சார், ஜன்னல் சத்தமே வரலையே" என்றார் காதர் சார். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அவர் முகம் வெளுத்திருந்தது.

ஓட்டுநர் செல்வம் திரும்பாமலே சொன்னார்: "நீங்க டீ குடிக்கயில சந்துல எல்லாம் அட்டைய மடிச்சு சொருகி உட்டேனுங்க. பொண்ணு ஊட்டுச் சீரு, அலுங்காம போகட்டுமேன்னு."

அப்போதுதான் சட்டம் முனகியது. ஒவ்வொரு வளைவிலும் வேன் முறுக்கிக்கொண்டது. சந்தெல்லாம் அட்டை அடைத்திருந்ததால் ஜன்னலுக்கு விட்டுக்கொடுக்க இடமில்லை. என் பக்கத்து மூலை மூட்டு நக அளவு திறந்திருந்தது.

வளைவைத் தாண்டி நிறுத்தி, செல்வம் சக்கரத்துக்குக் கல் வைத்தார். பின்கதவு திறந்ததும் என் முதுகுக்குப் பின்னால் வெள்ளையாக ஒன்றுமே இல்லாத பள்ளம்.

"கையை எடுக்காதீங்க சார். எடுத்தா எல்லாம் கொட்டிரும்" என்றார் காதர் சார்.

இரண்டு உள்ளங்கைகளாலும் மூலையை அழுத்தினேன். அவர் சட்டைப் பையிலிருந்த காம்பஸின் முனையால் அட்டைகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். மேலிருந்து பஸ் ஹாரன். விளக்கு தெரியவில்லை, சத்தம் மட்டும் நெருங்கியது. அது உரசுவதுபோலக் கடந்தபோது வேன் நடுங்கியது. கையை எடுக்கவில்லை.

வாசலூர்பட்டி வரை எடுக்கவில்லை. காதர் சார்தான் என் விரல்களைப் பிரித்துவிட்டார்.

ஜன்னலை நிறுத்தியபோது நடு நட்சத்திரத்தில் ஒரு விரிசல் தெரிந்தது. பசை போட்டு ஒட்டிவிடலாமா அத்தா என்று மகள் தன் அப்பாவைக் கேட்டாள். அவர் அதை வெகுநேரம் தடவிப் பார்த்தார்.

"வேண்டாம்மா. சுத்தி இருக்குற எட்டுத் துண்டும் அதை விடாது."

இறங்கும்போது எனக்குப் பயம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனாலும் போய்வரலாம். பனி விலகும்வரை அடிவாரத்தில் காத்திருங்கள். வயிற்றைக் காலியாக வைக்காதீர்கள், நிரப்பவும் வேண்டாம். மரச்சாமான் கொண்டுபோனால், அது ஆடத்தான் வேண்டும் என்பதை டீ குடிக்கப் போகும் முன்பே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள்.