நேற்று ராத்திரி வரைக்கும்தான் கிடைக்கும்

அடுத்தவர் பேச்சைப் பத்திரப்படுத்துவது என் பிழைப்பு. ஆபீசிலேயே ஒரு சர்வரை வைத்து குரூப் சாட் நடத்தும் சின்னக் கம்பெனிகளுக்கு, தினமும் ராத்திரி அந்தப் பேச்செல்லாம் தானாக பேக்கப் ஆகும்படி, அதாவது ஒரு நகல் தனியாகப் பதியும்படி செய்து கொடுப்பேன். சர்வர் படுத்துவிட்டால் திரும்ப ஏற்றிக் கொடுத்து, கூடவே திட்டும் வாங்கிக்கொள்வேன். நீங்களும் வாங்கியிருந்தால் நம்ம ஆள்தான்.

கேட்காமலே வந்தது

பங்சாரில் ஒரு கணக்காய்வு ஆபீஸ். கிளார்க் குமார் ஒரு சாயங்காலம் மானேஜரை 'தூங்குமூஞ்சி' என்று குரூப்பில் எழுதிவிட்டு, மறுநாள் காலையில் அவர் வருவதற்குள் அழித்துவிட்டார். அவருடைய கெட்ட நேரம், அன்று மதியமே சர்வர் படுத்தது. முந்தின ராத்திரி எடுத்த பேக்கப்பை ஏற்றினேன். அதில் தூங்குமூஞ்சி அழியாமல் இருந்தது. மானேஜர் நிதானமாகப் படித்தார். குமார் லிஃப்ட் வரைக்கும் என் பின்னால் வந்தார்.

"அண்ணே, அழிச்சதைக் கொண்டாந்து குடுங்கன்னு யாரு உங்களைக் கேட்டா?"

பலகைச் சுவர்

கிள்ளானில் ஒரு லோரி கம்பெனி. முதலாளி சிவநேசன், கணக்கு வழக்கெல்லாம் அவருடைய தங்கை கமலா. ஒரு நாள் டிரைவர்கள் முன்னால் அண்ணன், "லோரியைப் பத்தி உனக்கு என்ன தெரியும், வாயை மூடு" என்று சொல்லிவிட்டார். அதோடு நேர்ப்பேச்சு நின்றது. இரண்டு பேர் மேசைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான், ஆனால் பேசுவது சாட்டில். போர்ட்டுக்கு லோரி போச்சா? போச்சு. அவ்வளவுதான்.

மணிக்கு ஒரு தடவை பேக்கப் எடுக்கலாம், பெரிய டிஸ்க் மட்டும் வாங்கிக் கொடுங்கள் என்று சிவநேசனிடம் கேட்டேன்.

"ராத்திரி ஒரு தடவை போதும்லா. பகல்ல இங்க அப்படி என்ன பெருசா பேசிக்கிறோம்?"

பாதி வரி

மாதக் கடைசியோடு வேலையை விடுவதாகக் கமலா என்னிடம் சொல்லியிருந்தார். மனசு கேட்கவில்லை, ஆனால் அண்ணன் தங்கை விஷயத்தில் நான் என்ன சொல்வது? அந்த மாதமே ஒரு மத்தியானம் இடி மின்னலில் சர்வர் டிஸ்க் போனது. புது டிஸ்க் போட்டு, முந்தின ராத்திரி பேக்கப்பை ஏற்றி முடித்தபோது கமலா பேங்கிலிருந்து வந்தார். கையில் போன். சர்வர் போவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்த ஓர் அறிவிப்பு அதில் இருந்தது. அனுப்பியவர் சிவநேசன்.

'கமலா, அன்னிக்கு நான் உன்னை…'

அவ்வளவுதான் தெரிந்தது. தட்டினார். சாட் திறந்தது, செய்தி இல்லை. அந்தப் பாதி வரியும் போய்விட்டது. செத்த டிஸ்கை பிரிக்ஃபீல்ட்ஸில் தெரிந்த கடைக்குக்கூடக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒன்றும் மீளவில்லை.

"அதுக்கப்புறம் என்ன எழுதியிருந்தாருன்னு மட்டும் எடுத்துக் குடுங்கண்ணே. மத்ததெல்லாம் போனா போகட்டும்."

இன்னொரு தடவை

நானே சுவரைச் சுற்றிக்கொண்டு சிவநேசனிடம் போனேன். "பாஸ், அந்த மெசேஜ் மட்டும் வரல. திரும்ப ஒரு தடவை அனுப்பிருங்க" என்றேன். லோரிச் சாவிகள் மாட்டியிருந்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று காலையிலிருந்து எழுதி எழுதி அழித்து, கடைசியில் அனுப்பியதாம். அவர் சாட்டிலும் அது இல்லை, என்ன எழுதினோம் என்று அவருக்கே சரியாக ஞாபகமும் இல்லை.

பக்கத்தில்தானே இருக்கிறார், நேரில் சொல்லிவிடுங்கள் என்றேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

"நேர்ல சொல்ல முடிஞ்சா நான் எதுக்குலா எழுதுறேன்?"

மாதக் கடைசியில் கமலாவின் பெயரை சாட்டிலிருந்து எடுத்தது நான்தான். மறுநாளே சிவநேசன் கூப்பிட்டுப் பெரிய டிஸ்க் வாங்கிக் கொடுத்தார், இப்போது அங்கே மணிக்கு ஒரு தடவை பேக்கப் ஓடுகிறது, எடுத்து வைக்கிற மாதிரிப் பேச்சுதான் ஒன்றும் இல்லை.