வைப்பர் கம்பிக்கு அடியில் ஒரு பச்சைத் துண்டு

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் பாதியிலேயே எழுந்து டீ குடிக்கப் போகிற ஆள் நான். நாவலூரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, தப்பு எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். இந்த விஷயத்திலும் தேடிப் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

போன மழைக்காலத்தில், ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது. நள்ளிரவெல்லாம் இல்லை, சாயங்காலம் ஐந்து மணி. பக்கத்து வீட்டில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கார் என் மனைவி ஜெசிந்தாவின் அண்ணன் அருளுடையது. அவர் திடீரென்று மாரடைப்பில் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் அத்தையை, அதாவது என் மாமியாரை, காலை ஆறு மணிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போவது அவர் வேலை. அவர் போனபிறகு காரும் வந்தது, வேலையும் என் தலையில் வந்தது. அத்தைக்கு ஒரு தடவை தவறினாலும் ஆபத்து. அதற்கு முந்தின பெரிய மழையில் தெருவில் தண்ணீர் நின்று, எந்த ஆட்டோவும் வராமல், நான் ஊரில் இல்லாமல், ஒரு நாள் தள்ளிப்போய் ராத்திரி முழுக்க மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா அதை இன்னும் மறக்கவில்லை, என்னை மறக்கவும் விடவில்லை.

அன்று வியாழக்கிழமை. விடிந்தால் ஆஸ்பத்திரி. வானம் கறுத்துக்கொண்டு நிற்கிறது. கார் வைப்பரோ கண்ணாடியைத் துடைப்பதற்குப் பதில் க்ரீச் க்ரீச்சென்று கத்தித் தண்ணீரை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் இழுத்துப் பூசுகிறது, எதிரே வருவது லாரியா மாடா என்று தெரியவில்லை. சரி, ரப்பர் போய்விட்டது, புது பிளேடு இரண்டு வாங்கி வந்தேன். ஐந்து நிமிஷ வேலை என்று கடைக்காரர் சொன்னார். அவரை நான் மறுபடியும் பார்க்கவில்லை, பார்த்தால் கேட்பேன்.

வைப்பர் மாற்றுவதில் மச்சானுக்கு ஒரு சட்டம் உண்டு. கம்பியைத் தூக்கி நிறுத்துவதற்கு முன்னால் ஒரு துண்டை நாலாக மடித்துக் கண்ணாடி மேல் போட்டுவிட வேண்டும். ஏனென்றால் பிளேடைக் கழற்றிவிட்டால் அது வெறும் இரும்புக் கம்பி, அடியில் ஸ்பிரிங் வேறு. கை தவறி விழுந்தால் படாரென்று அடித்து முன் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். இதை அவர் என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். ஊரில் எல்லா மச்சானும் தங்கை புருஷனை மாப்பிள்ளை என்று கூப்பிடுவார்கள், இவர் மட்டும் என்னைக் கலெக்டர் என்பார். குனிந்து ஒரு வேலை செய்யமாட்டேனாம், நின்றுகொண்டே ஆர்டர் போடுவேனாம். “கலெக்டரே, துண்டு போட்டீங்களா?” உயிரோடு இருந்தவரைக்கும் இந்தத் தொல்லைதான்.

அன்று நான் துண்டு போடவில்லை. வேண்டுமென்றேதான், என் கார், என் இஷ்டம்.

இரண்டு கம்பியையும் தூக்கி நிறுத்தினேன். டிரைவர் பக்கத்துப் பழைய பிளேடைக் கழற்றவே அரை மணி நேரம், கட்டைவிரல் நகம் போயிற்று. புதுசு ஏறவே மாட்டேன் என்கிறது. பிறகு பார்த்தால் இடது பக்கத்துக் குட்டை பிளேடை வலது பக்கம் திணித்துக்கொண்டிருக்கிறேன். சரியானதை எடுத்தால் அதன் கிளிப் வேறு மாதிரி. வெறுத்துப்போய் காரைப் பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, போனில் வீடியோ பார்க்கலாம் என்று உள்ளே போனேன். கம்பிகள் நின்றபடியே இருந்தன.

வீடியோவில் அந்த ஆள் இன்னும் வணக்கமே சொல்லி முடிக்கவில்லை, மழை பிடித்துக்கொண்டது. கூடவே வாசலில் ‘டப்’பென்று ஒரு சத்தம். கண்ணாடி போச்சு, நாளைக்கு அத்தை போச்சு என்றுதான் மனசில் ஓடியது, பொய் சொல்லவில்லை. ஓடினேன்.

காருக்குப் பக்கத்தில் மேல்வீட்டு சம்பத் சார் குடையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார். பம்மலில் பட்டறை வைத்திருந்தவர், எங்கள் மாடிக்குக் குடிவந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கார் கழுவுகிற ஆட்கள் கழுவி முடித்ததும் அடையாளத்துக்கு வைப்பரைத் தூக்கிவிட்டுப் போவார்கள் அல்லவா, அப்படித்தான் யாரோ விட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து, மழை வருகிறதே என்று மனிதர் உதவி செய்திருக்கிறார்.

“எறக்கி வுட்டேன் சார். மழ வருதுல்ல.”

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை என்னவோ சொல்லியிருப்பேன். அதற்குள் கண்ணாடியைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. வெறும் கம்பிக்கு அடியில் பச்சைத் துண்டு ஒன்று, நாலாக மடித்து, மெத்தை மாதிரி இருக்கிறது. நம்பினால் நம்புங்கள், அது மச்சான் டிக்கியில் வைத்திருந்த துண்டு. அவர் போனபிறகு அந்த டிக்கியை நாங்கள் திறக்கவே இல்லை, ஜெசிந்தா தாங்கமாட்டாள்.

“துண்டு நீங்களா வெச்சீங்க?”

“நான் இல்ல சார். உங்க வூட்டுக்கு வந்துகீறாரே, தடியா, கண்ணாடி போட்டுகினு, அவருதான். நான் எறக்கப் போனேன், இரு இரு துணி போடணும்னு சொல்லிட்டு அவரே வெச்சாரு.” அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஆமா, யாரு சார் கலெக்டரு?”

“என்ன?”

“கலெக்டருக்கு எத்தினி தபா சொன்னாலும் மண்டைல ஏறாதுன்னு முணுமுணுத்துகினே வெச்சாரு. உங்க சொந்தத்துல கலெக்டர் கீறாரா?”

வீட்டுக்கு யாரும் வரவில்லை. அந்தப் பெயரை மச்சான் ஒருவரைத் தவிர இந்த உலகத்தில் யாரும் சொன்னதில்லை, எனக்கு அவமானம் என்று நானும் வெளியே சொன்னதில்லை. அவர் எந்தப் பக்கம் போனார் என்று கேட்டேன்.

“எங்கியும் போல சார். கதவத் தொறந்து முன்னாடி சீட்டுல உக்காந்தாரு, அந்த லெப்ட் சைடுல.” திரும்பிப் பார்த்துவிட்டு, “அட, எறங்கிட்டாரு போல,” என்றார்.

சாவி என் பாக்கெட்டில் இருந்தது. கதவை இழுத்துப் பார்த்தேன், பூட்டித்தான் இருந்தது.

பயமா என்று கேட்டால், முதலில் வந்தது பயம் இல்லை, எரிச்சல். இவ்வளவு தூரம் வந்த மனுஷன் அந்த பிளேடையும் மாட்டிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? மழையில் நனைந்துகொண்டு அதை நான்தான் மாட்டினேன், அழுதுகொண்டே மாட்டினேன். ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை. அத்தையிடம் சொல்வேனா? துண்டைக்கூட மடித்தபடியே டிக்கியில் வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஐந்தே முக்கால். நல்ல மழை, வைப்பர் சத்தமில்லாமல் துடைக்கிறது. அத்தைக்கு முழங்கால் மடங்காது, அதனால் நாலு மாதமாக என் பக்கத்தில் முன் சீட்டில்தான் உட்காருவார். மச்சான் இருந்தபோது, நான் ஓட்டினால், அந்த இடத்தில் அவர் உட்கார்ந்து கியர் போடு, பிரேக் போடு என்று உயிரை வாங்குவார், அத்தை பின்னால் உட்காருவார். அன்று அத்தை தானாகவே பின் கதவைத் திறந்து, கஷ்டப்பட்டு ஏறினார்.

“அத்தை, முன்னாடி காலியாத்தானே இருக்கு?”

அவர் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வண்டியை எடுத்தேன். நாலு வீடு தாண்டவில்லை, பக்கத்து சீட்டில் ஆள் பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் பீப் பீப் என்று கத்துமே, அந்தச் சத்தம் ஆரம்பித்தது. சீட்டில் ஒரு பேப்பர்கூட இல்லை. கையால் தட்டினேன், நிற்கவில்லை.

“மாப்ள,” என்றார் அத்தை பின்னாலிருந்து, சாதாரணமாக, ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டே. “அந்த பெல்ட்ட மாட்டி விட்ருங்க. அவனா மாட்ட மாட்டான்.”

மாட்டினேன். சத்தம் நின்றது. மெக்கானிக் இரண்டு தடவை பார்த்துவிட்டார், சென்சாரில் கோளாறு இல்லை என்கிறார். செவ்வாயும் வெள்ளியும் அத்தை இன்றைக்கும் பின்னால்தான் உட்காருகிறார். வண்டியை எடுக்கும் முன்னால் நான் குனிந்து அந்தக் காலி சீட்டுக்கு பெல்ட் மாட்டிவிடுகிறேன்.