தண்ணீர் விழுகிறதா என்று கேட்டவர்களுக்கு

ரஹ்மத் போய்விட்ட செய்தி அவளுடைய நம்பரிலிருந்தே வந்தது. ஆனி மாதம், சாரல் காலை. ஒன்பது மணியாகியும் ஆபீஸில் ஆளைக் காணோம். போன் அடித்ததும், எடுத்த எடுப்பிலேயே, "எங்கட்டி நிக்க?" என்று கத்தினேன். பேசியது அவள் தங்கை. விடியும்போது லாத்தாவுக்கு நெஞ்சுவலி வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மவுத்தாகிவிட்டாள் என்றாள். கத்தியதற்கு யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

குற்றாலம் கிளம்பும் முன் இந்த இணையப் பக்கத்தில் இருக்கும் நம்பரை அழைத்து, தண்ணீர் விழுகிறதா என்று கேட்டவர்கள் நீங்கள். உங்களுக்குப் பதில் சொன்ன குரல் ரஹ்மத்துடையது. வடகரைக்காரி. லாட்ஜ், நர்சரி, எலுமிச்சை மண்டி என்று இந்தச் சுற்றுவட்டார வியாபாரிகளின் இணையதளங்களுக்கு, அவளும் நானும் தென்காசியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து எழுதினோம். ஆறு வருடம், இரண்டு நாற்காலி. இதைத் தன் லாட்ஜின் இணையப் பக்கத்திலேயே போட லாட்ஜ் முதலாளி அண்ணாச்சி சம்மதித்தார். சுருக்கமாக எழுதச் சொன்னார். பார்ப்போம்.

அந்த நம்பர் இங்கே வந்ததற்குக் காரணம் ஒரு தப்பு. அண்ணாச்சி ஆசைப்பட்டார் என்பதற்காக 'வருடம் முழுவதும் அருவிக் குளியல்' என்று நான்தான் எழுதினேன். அதை நம்பி, ஒரு பங்குனியில், திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் நடக்க முடியாத தன் அப்பாவை வேன் பிடித்துக் கூட்டிவந்துவிட்டார். அருவியில் ஒருமுறை குளித்துவிட வேண்டும் என்பது பெரியவரின் ஆசை. பாறை காய்ந்து கிடந்தது. எழுதினவர்களைக் கேளுங்கள் என்று அண்ணாச்சி எங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டார். போனை எடுத்த ரஹ்மத் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நான்தான் எழுதினேன். எழுதினது தப்பு" என்றாள். அரை மணி நேரம் ஏச்சு வாங்கினாள். நான் எதிரே உட்கார்ந்து வாயே திறக்கவில்லை. வெட்கக்கேடு.

வைத்ததும் என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். "துட்டு குடுக்குதவரு அண்ணாச்சி. வண்டி ஏறுதவன் வேற ஆளுட்டி" என்றாள், அவ்வளவுதான். ஆனியில் தண்ணீர் விழுந்ததும் அவரை அழைத்து, அப்பாவைக் கூட்டி வாருங்கள் என்று சொன்னாள். பெரியவர் சித்திரையிலேயே போய்விட்டாராம். அன்று அவள் சாப்பிடவில்லை.

மறுநாளே, தண்ணீர் இல்லாத மாதங்களையும் எழுத வேண்டும் என்று அண்ணாச்சியிடம் போய் நின்றாள். அவர் குதி குதியென்று குதித்தார். அப்படியானால் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள் என்று மட்டும் எழுதி, தன் நம்பரைப் போடுவதாகச் சொன்னாள். அதில் அவருக்கு நஷ்டமில்லை. இப்போது வராதீர்கள் என்று அவள் தடுத்தவர்கள் எல்லாம் சீசனில் வந்து, அந்த அக்கா சொன்ன லாட்ஜ் இதுதானே என்று கேட்டு அறை எடுத்தார்கள். அண்ணாச்சி நேந்திரம் சிப்ஸ் பொட்டலத்தோடு எங்கள் மாடி ஏறி வந்தார்.

பதில் சொல்வதற்காக அவள் தினமும் ஒரு பஸ் அதிகமாக ஏறினாள். குற்றாலம் போய் மெயினருவியைப் பார்த்துவிட்டுத்தான் ஆபீஸ் வருவாள். அங்கே ஒரு கடைக்காரரிடம் போனில் கேட்டால் போதாதா, பைத்தியமா உனக்கு என்பேன். "கேட்டுச் சொல்லுதது வேற, பாத்துச் சொல்லுதது வேற" என்பாள். சாரலில் நனைந்த புர்காவை நாற்காலி முதுகில் விரித்துப் போடுவாள். அறை முழுக்க ஈரவாடை அடிக்கும். அதற்கும் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது அந்த நாற்காலியைப் பார்க்காமல் இருக்க, என் மேஜையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறேன்.

நாற்பதாம் நாள் முடிந்து அவள் தங்கை, ரஹ்மத்தின் போனை என் கையில் கொடுத்தாள். "லாத்தாவக் கேட்டு ஆளுக கூப்பிட்டுக்கிட்டே இருக்காவ. நாங்க என்னத்தச் சொல்ல?" என்றாள். முதலில் வந்த அழைப்புக்கு, விழும் என்று நினைக்கிறேன் என்றேன். வைத்ததும் இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் காலை குற்றாலம் பஸ் ஏறினேன்.

இப்போது தினமும் போகிறேன். குடும்பம் குடும்பமாக எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

திண்டுக்கல்காரர் இதைப் படித்தால் ஒன்று சொல்ல வேண்டும். ஐயா, அந்த வரியை எழுதியது ரஹ்மத் இல்லை, நான்தான். அவள் உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் போனும் அந்தப் பஸ்ஸும்தான். நம்பரை மாற்றவில்லை. கிளம்பும் முன் கூப்பிடுங்கள், பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். தண்ணி விழுதா என்று நீங்கள் கேட்கும்வரை இந்த அறையில் பேச்சே இல்லை.