பெட்ரோல் வாடை அடித்த கல்யாணக் கார்

நம் வீட்டு வாசலில் அந்தக் கறுப்புக் கார் நின்றது ஏழு மாதம்தான். அந்த ஏழு மாதமும் நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டு திரிந்தீர்கள். ஒருநாள் அது இல்லாமல் போனதும், ஏன் விற்றீர்கள் என்று என்னைக் குடைந்து எடுத்தீர்கள். செலவு கட்டுபடியாகவில்லை என்று சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் அதோடு சேர்ந்த இன்னொன்றை நான் சொல்லவில்லை. நான் எட்டாவது வரை படித்தவன், எழுதிப் பழக்கம் இல்லை. ஆனாலும் வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

முதலில் காரைப் பற்றி. பத்து வருசப் பழசு. ஆறு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. ஆக்சிலேட்டரை மிதித்தால் முதுகு சீட்டோடு போய் ஒட்டிக்கொள்ளும். புதிதாக வாங்கினால் அந்தப் பணத்துக்கு விருதுநகரில் மாடி வீடே கட்டலாம். பத்து வருசம் கழித்து அதே வண்டி ஒரு வேன் விலைக்குக் கிடைக்கிறது. ஏன் இவ்வளவு குறைகிறது என்று நான் யோசிக்கவில்லை. கோயம்புத்தூர் புரோக்கர் ஒரே கை ஓட்டின வண்டி என்றார். அது போதும் என்று இருந்துவிட்டேன். அதுவரை ஓட்டின என் வேனை விற்ற பணத்தையும் உங்கள் அம்மா சேர்த்த நகைச்சீட்டுப் பணத்தையும் போட்டு எடுத்து வந்தேன். நம் பக்கம் பெரிய காரில் மாப்பிள்ளை பொண்ணை அழைத்துப் போவது இப்போது வழக்கமாகிவிட்டது. கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கும்போதே காரையும் பேசிவிடுவார்கள். முதல் மாதம் எட்டுக் கல்யாணம் ஓடியது.

இரண்டாவது மாதம் அருப்புக்கோட்டை ரோட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. என்ஜினைச் சுற்றிக் கூலன்ட் தண்ணீர் ஓடும் பிளாஸ்டிக் குழாய் சூட்டில் நொறுங்கியிருந்தது. தண்ணீர் பம்ப்பும் போய்விட்டது. மதுரை ஒர்க்‌ஷாப்பில் இரண்டுக்கும் சேர்த்து ஐம்பத்திரண்டாயிரம். அடுத்த மாதம் காலையில் எழுந்து பார்த்தால் வண்டி ஒரு பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தது. இந்த மாதிரி வண்டிகளுக்கு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை இருக்கும். ஒரு பையை மாற்றினேன். அடுத்த பையும் கசிய ஆரம்பிச்சிருச்சு, ரெண்டு மாசம் தாங்கும் என்றார் மெக்கானிக். பிறகு கியர் மாறும்போது ஒரு வெட்டு வெட்டியது. அதற்கு ஆயில் மாற்றவே ஒரு பழைய பைக்கின் விலை கேட்டார்கள். அப்புறம் பின்பக்கம் இடது கதவின் பூட்டு கோளாறானது. சில நேரம் திறக்கும், சில நேரம் உள்ளேயும் திறக்காது, வெளியேயும் திறக்காது. உள்ளே இருக்கும் சின்ன மோட்டார் போய்விட்டது என்றார்கள். கதவு தானே, வலது பக்கம் இறங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒர்க்‌ஷாப்பில் லேப்டாப்பைச் சொருகினால் மளிகைச் சிட்டை மாதிரி கோளாறுகள் வரிசையாக வரும். மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. அதன் மேல் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டேன். சிரிக்காதீர்கள். நிஜமாகவே ஒட்டினேன்.

ஆறாவது மாதம் பெட்ரோல் வாடை வந்தது. நம் ஊர் மெக்கானிக் பானட்டைத் திறந்து பார்த்தார். என்ஜினுக்குப் பெட்ரோலை அழுத்தி அனுப்பும் பம்ப்பின் பக்கத்தில் குழாய் லேசாக வியர்த்திருந்தது. பம்ப்போடு செட்டாக மாற்ற வேண்டும், சென்னையிலிருந்து வர வேண்டும், கூலியோடு தொண்ணூறாயிரம் ஆகும் என்றார். நான் ஒரு கிளாம்ப் போட்டு இறுக்கித் தரச் சொன்னேன்.

"அண்ணாச்சி, இது தண்ணி இல்ல. இதுக்கு மேல ஓட்டாதீக" என்றார் அவர்.

நான் விடவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார். தான் போட்டதாக யாரிடமும் சொல்லக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். பத்து நாள் வாடை இல்லை. பதினோராம் நாள் மறுபடியும் வந்தது, மெலிதாக. நான் மல்லிகை மணம் அடிக்கிற சென்ட் பாட்டில் ஒன்றை வாங்கிக் கண்ணாடிக்குக் கீழே தொங்கவிட்டேன்.

இதைச் செய்தது யார் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும். கார் வாங்குவதற்கு முன்னால் பதினோரு வருசம் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போன வேன் டிரைவர் நான். என் வேனில் பீடி கிடையாது. தீப்பெட்டி வைத்திருந்தால் ஏற்ற மாட்டேன். கம்பெனி கேட்டுக்கு வெகு தூரத்திலேயே என்ஜினை அமத்திவிடுவேன். ஒருநாள் சாயங்காலம் மூன்று சீட் காலியாகத் திரும்பி வந்ததும் அதே வேன்தான். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். தீயைப் பற்றி எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒர்க்‌ஷாப் பில்லுக்குப் பயந்து பயந்து, தீக்குப் பயப்பட மறந்திருந்தேன்.

அது ஆவணி முகூர்த்தம். சிவகாசியில் மண்டபம். மாப்பிள்ளை வீடு எம். புதுப்பட்டி. தாலி கட்டு முடிந்து, பந்தி முடிந்து, மாப்பிள்ளையும் பொண்ணும் வீட்டுக்குக் கிளம்பும்போது மணி இரண்டு. வெயில் கொளுத்தியது. பின்சீட்டில் வலது பக்கம் மாப்பிள்ளை, இடது பக்கம் பொண்ணு. முன்சீட்டில் என் பக்கத்தில் மாப்பிள்ளையின் அத்தை. பட்டாசுக் கம்பெனியில் இருபத்தைந்து வருசமாக வெடிமருந்து செலுத்துகிற வேலை பார்க்கிறவர். எவ்வளவு தேய்த்தாலும் போகாத சாம்பல் நிறம் அவர் நகக்கண்ணில் இருந்தது.

வழியெல்லாம் அவர் பொண்ணைக் கேலி செய்துகொண்டு வந்தார். "ஏம்மா, வீட்டுக்கு வந்ததும் ஏசி எங்கன இருக்குன்னு கேட்டுராத. இது ரெண்டு மணி நேர வாடகை." பொண்ணு சிரித்தது. மாப்பிள்ளை வெளியே பார்ப்பது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புதுப்பட்டிக்குள் நுழைந்து வண்டி மெதுவானதும் எனக்கு வாடை தெரிந்தது. சென்ட் வாடைக்கு அடியில் அது இருந்தது. இன்னும் இரண்டு தெரு, இறக்கிவிட்டுப் போய்விடலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டுத் தெருமுனையில் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. தெரு நடுவே, முனையிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும், சிவப்பாகச் சரவெடி விரித்திருந்தார்கள். மாப்பிள்ளையோடு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் கூட்டாளிகள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு வாங்கியது. சரம் வெடித்துக்கொண்டே முன்னால் போக, கார் பின்னாலேயே ஊர்ந்து போக வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். காருக்குப் பத்தடி முன்னால் ஒரு கூட்டாளி ஊதுபத்தியைப் பற்றவைத்துக்கொண்டு, என் தலையசைப்புக்காகக் காத்து நின்றார்.

நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே வார்த்தை. வாய் வரவில்லை. சொன்னால் ஊரெல்லாம் பேசுவார்கள், இனி எந்தக் கல்யாண வீடும் கூப்பிடாது என்றுதான் அந்த நேரத்திலும் யோசித்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு உயிரை யோசிக்கவில்லை. என் தலை அசையக்கூட ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

"தம்பி" என்றார் அத்தை.

"சொல்லுங்கக்கா."

"இது சென்ட் வாடை இல்ல."

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "வண்டிய அமத்துங்க. யாரும் கத்தாதீக. மெதுவா எறங்குங்க" என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்து இறங்கினார். ஓடவில்லை. கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள் இந்த மாதிரி நேரத்தில் ஓட மாட்டார்கள். ஒருவர் ஓடினால் எல்லோரும் ஓடுவார்கள், யார் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. நேராகப் பத்தி வைத்திருந்தவரிடம் நடந்து போனார்.

"ஏலே, அந்தப் பத்தியத் தெருக் கடைசிக்குக் கொண்டு போ."

"என்ன அத்தை, மருமக வந்ததும் வெடிக்குப் பயம் வந்துருச்சா?" என்று அவர் இளித்தார்.

"போ லே."

அவர் அத்தையின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. பத்தியை உடம்புக்குப் பின்னால் மறைத்துப் பிடித்துக்கொண்டு தெருக் கடைசிக்கு நடந்தார். மற்றவர்கள் ஒன்றும் கேட்காமல் சரத்தைச் சுருட்டினார்கள்.

நான் நியூட்ரலில் போட்டு என்ஜினை அமத்திவிட்டு இறங்கினேன். பானட்டுக்குக் கீழே தார் ரோட்டில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. விழுந்த சொட்டு வெயிலில் காய்வதற்குள் அடுத்தது விழுந்தது. பொண்ணு பக்கம் ஓடிப்போய்க் கதவை இழுத்தேன். திறக்கவில்லை. திறக்காது என்று தெரிந்தும் மூன்று தடவை இழுத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாலையும் கழுத்துமாக அந்தப் பொண்ணு என்னையே பார்த்தது. மாப்பிள்ளை வலது பக்கம் இறங்கி அதன் கையைப் பிடித்து இழுத்தார். பட்டுப்புடவை சீட் பெல்ட் கொக்கியில் மாட்டிக்கொண்டது. அதை விடுவிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த நேரம் முழுக்க நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையை எடுக்க முடியவில்லை.

ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பேரும் இறங்கி வீட்டுக்கு நடந்தே போனார்கள். சொட்டின இடத்தில் மண் அள்ளிப் போட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து காரை ஊருக்கு வெளியே பொட்டல் வரைக்கும் தள்ளினார்கள். பயம் தெளிந்ததும் அவர்களுக்குப் பேச்சு வந்துவிட்டது. "அம்புட்டு வெல காரு, ஒரு டஜன் ஆளு தள்ளணுமோ? வாடகையில எங்களுக்கும் பங்கு உண்டாண்ணே?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அத்தை கடைசியாக வந்தார். காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தம்பி, இந்த வாடை இன்னைக்குத்தான் வந்துச்சா?"

"ஆமாக்கா. இன்னைக்குத்தான்."

சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஊருக்குள் சரவெடி வெடிக்கும் சத்தம் கேட்டது. பொட்டலில் கருவேல மரத்தடியில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வெடிக்கும் அந்தக் கண்ணாடியும் அந்த முகமும் வந்தது. சரம் முடிந்த பிறகும் எனக்குள் வெடித்துக்கொண்டே இருந்தது.

மதுரையிலிருந்து ரெக்கவரி வண்டி வந்து காரை எடுத்துப் போனது. ஒர்க்‌ஷாப்பில் அந்தக் குழாயைக் கழற்றியபோது கையிலேயே மூன்றாக ஒடிந்தது. எல்லாவற்றையும் சரிசெய்ய இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லி, சாமான்களுக்காக அவர்களிடமே விற்றுவிட்டேன். வாங்கியதில் கால்வாசிகூடத் தேறவில்லை. உங்களுக்குச் சொன்ன 'செலவு' அதுதான்.

ஆனால் அத்தையிடம் சொன்ன அந்தப் பொய் என்னோடேயே இருந்தது. போன் அடித்தால் பயம். வீட்டில் அடுப்பு பற்றவைத்தால் பயம். உங்கள் அம்மா என்னவென்று கேட்டுப் பார்த்து விட்டுவிட்டாள். ஒரு மாதம் கழித்து, பட்டாசுக் கம்பெனி லீவு, அத்தை வீட்டில் இருப்பார் என்று ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி எம். புதுப்பட்டிக்குப் போனேன். அத்தை வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். மூன்று வாரமாக எனக்கு அந்த வாடை தெரியும், அன்றைக்குச் சொன்னது பொய் என்று சொன்னேன்.

அவர் துணியை உதறிக்கொண்டே, "தெரியும் தம்பி. அன்னைக்குத்தான் வந்த வாடைன்னா எனக்கு முன்னால நீங்கதான எறங்கியிருப்பீக" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? உள்ள இருந்தது அவ" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிட்டார்.

அந்தப் பொண்ணு ஈரக்கையைத் துடைத்தபடி வந்து நிலைப்படியில் நின்றது. அதனிடமும் சொன்னேன்.

"அந்தக் கதவு தெறக்காதுன்னும் தெரியுமாண்ணே?"

"தெரியும்மா."

அது என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. அத்தை அடுத்த துணியை எடுத்தார். நம் பக்கம் பகையாளியே வாசலில் வந்து நின்றாலும் சாப்பிட்டீகளா என்று கேட்காமல் அனுப்ப மாட்டார்கள். அன்றைக்கு என்னிடம் யாரும் கேட்கவில்லை. அதில் தப்பு ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.