ஆதிமனிதனும் என் மச்சினனும்

எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்து மேனேஜரான வெள்ளைக்காரச் சாயிப்புக்கு வேதாகமத்துக்கு அடுத்தபடி பக்தி உடைந்த கல்லின் மேல்தான். வட்டக்கோட்டைக்கு வடக்கே செம்மணல் மேட்டில் நகத்தளவு வெள்ளைக்கல் சில்லுகள் கிடக்கும். நமக்கு அவை காலில் குத்தும் சனியன்கள். அவருக்கு, இரும்பை அறியாத மனிதன் செய்த கத்திகள். தலைமை வாத்தியார் நாற்காலியில் நான் தற்காலிகமாக உட்கார்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நிரந்தர உத்தரவு அவர் கையில். ஆகவே எனக்கும் கல்லில் பக்தி வந்தது.

அவர் விளக்குவார். முதலில் மனிதன் உருண்டைக்கல் ஒன்றை இன்னொன்றால் தட்டி ஒரு விளிம்பு எடுத்தானாம். அப்புறம் இரண்டு பக்கமும் செதுக்கப் பழகினானாம். வெகுகாலம் கழித்துத்தான் புத்தி வந்து, சில்லு எப்படி விழவேண்டும் என்று முன்பே யோசித்து, தாய்க்கல்லைப் பக்குவப்படுத்திக்கொண்டு அடித்தானாம். ஒவ்வொரு படிக்கும் ஆயிரமாயிரம் வருஷம். நான் நாற்காலியை நினைத்துக்கொண்டு தலையாட்டுவேன்.

கோடை விடுமுறையில் சாயிப்பு மலைக்குப் போனார். "நான் வருவதற்குள் நாற்பது கல் பொறுக்கி வை" என்று உத்தரவு. விடுமுறை முழுவதும் வெயிலில் வெந்து நாற்பது பொறுக்கி, துணிப்பையில் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டினேன். திங்கட்கிழமை அவர் வரவேண்டும். சனிக்கிழமை காலையில் பார்த்தால் பை காலி.

என் மனைவியின் தம்பி பனையேறி, பக்கத்து வீடு. பாளை சீவும் அரிவாளை அவர்கள் சாணைக்கல்லில் தீட்டுவதில்லை. வெள்ளைக்கல்லை இடித்துப் பொடியாக்கி, மரப்பலகையில் தூவி, அதில் தீட்டுவார்கள். நேரே அவனிடம் போனேன்.

"ஏலே, பையில கெடந்த கல்லு எங்கல?"

"அதா? நல்ல வெள்ளக்கல்லு அத்தான். இடிச்சுப் பொடியாக்கியாச்சு. அருவா இப்பம் முடியக்கூட ரெண்டாப் பொளக்கும், பாக்கியளா?"

"பாவி, அது எத்தன ஆயிரம் வருசத்துக் கல்லு தெரியுமா?"

"அதாக்கும் இவ்வளவு நயமா இடிபட்டுது!"

அன்று எனக்கு வந்த பதற்றமும் வெப்ராளமும் எந்த எதிரிக்கும் வரக்கூடாது. மூன்று தடவை தோப்புப் பக்கம் ஓடினேன். காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்று யோசித்தேன். களவு போயிற்று என்று போலீசுக்குப் போகலாமா என்றும் யோசித்தேன். வாத்தியார் வீட்டில் கள்ளன் உடைந்த கல்லைத்தான் எடுத்தானா என்று ஏட்டு கேட்பாரே! கடைசியில், நானே செய்துவிடுவது என்று முடிவு பண்ணினேன். ஆதிமனிதன் செய்யாததா?

முதல் அடி கட்டைவிரலில். இரண்டாவதில் கல் பறந்துபோய் மீன்சட்டியை உடைத்தது. விளிம்பு என்று ஒன்று வரவே இல்லை. மனித குலம் என் கையில் இருந்திருந்தால் முதல் படியிலேயே பூண்டற்றுப் போயிருக்கும்.

மச்சினன் பார்த்துச் சிரித்தான். "என்ன அத்தான், தேங்கா ஒடைக்குத மாதிரி ஒடைக்கிய? இங்க தாருங்க."

கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஓரத்தைத் தட்டி மேலே தட்டையாக ஒரு பரப்பு எடுத்தான். பிறகு சாய்வாக ஒரே ஒரு அடி. இலை போல ஒரு சில்லு கழன்று விழுந்தது. அதன் விளிம்பை அரிவாள் பிடியால் அழுத்தி அழுத்திப் பல்வரிசை மாதிரி ஆக்கினான். "இந்தா, வச்சுக்கிடுங்க. எனக்கு மரம் ஏறணும்" என்று போய்விட்டான். மீதி முப்பத்தொன்பதையும் நான் ரத்தம் சிந்திச் செய்தேன். எல்லாவற்றையும் செம்மண்ணில் புரட்டி எடுத்தேன்.

திங்கட்கிழமை சாயிப்பு கற்களை மேஜையில் பரப்பினார். அவருடைய பெட்டியைச் சுமக்க மச்சினனை அழைத்துப் போயிருந்தேன். என் முப்பத்தொன்பதையும் பூதக்கண்ணாடியில் பார்த்து, "வண்டிச்சக்கரம் நசுக்கியவை" என்று ஒவ்வொன்றாக ஜன்னல் வழியே எறிந்தார். நாற்பதாவதை எடுத்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

"தாய்க்கல்லைப் பக்குவப்படுத்தி அடித்த கை இது!" என்றார் இங்கிலீஷில். "என்ன புத்தி! அந்த ஜனம் அழிந்துவிட்டது. இப்போது இருப்பவர்களுக்கு, பாவம், இதில் பத்தில் ஒரு பங்கு வராது." சொல்லும்போது என் மச்சினனை இரக்கத்தோடு பார்த்தார்.

இவன் சனிக்கிழமை செய்தது ஐயா. இவ்வளவுதான் நான் சொல்லவேண்டியது. நாக்கு நுனியில் இருந்தது. "எஸ் சார்" என்பதுதான் வெளியே வந்தது.

"என்னவாக்கும் சொல்லுகாரு அத்தான்?"

"கல்லு கொள்ளாம், நல்லாருக்குன்னு சொல்லுகாரு."

"செஞ்சது ஆருன்னு சொன்னியளா?"

"சொன்னேன்."

அவன் முகமெல்லாம் பல்லாகச் சாயிப்பைக் கும்பிட்டான். அவர் பெட்டியைக் காட்டினார். பஞ்சில் பொதிந்த கல் உள்ளே இருக்க, அலுங்காமல் மோட்டார் வரைக்கும் சுமந்துபோனான்.

மறுவாரம் எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது. தான் செய்த கல்லைச் சாயிப்பு சீமைக்குக் கொண்டுபோயிருக்கிறார் என்று அவன் இன்றும் ஊரெல்லாம் சொல்கிறான். ஊர் அவனைப் பொய்யன் என்று கேலி பண்ணுகிறது. "நெசமா சாரே?" என்று என்னிடம் கேட்பவர்களும் உண்டு. நான் தலைமை வாத்தியார். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவன் என்று எனக்குப் பெயர். அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்துவிடுவேன்.