ஒரு விரல் இடைவெளி

கடையில் போர்வையோ மெத்தை விரிப்போ கண்ணில் பட்டால் நான் முதலில் அதைப் புரட்டிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன். விலையெல்லாம் அப்புறம். போன ஞாயிற்றுக்கிழமை ஆல்பனி மாலில் அப்படி ஒன்றைப் புரட்டிப்போட்டு, தையலுக்கும் தையலுக்கும் நடுவே விரல்களை வைத்து அளந்துகொண்டிருந்தேன். என் மகள் நாலடி தள்ளிப்போய் நின்றுகொண்டு, "மம், பீப்பிள் ஆர் லுக்கிங்" என்றாள். இங்கேயே பிறந்தவள், வெட்கப்படுவதும் கோபப்படுவதும் இங்கிலீஷில்தான். "பாக்கட்டும்டி, நானென்ன திருடவா செய்றேன்" என்று சொல்லிவிட்டு அளந்து முடித்தேன். நாலு விரல் இருந்தது. நல்ல போர்வை. எனக்கு இந்த விரலால் அளக்கிற கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது. அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

நாங்கள் ஆக்லாந்துக்கு வந்த புதிது. வாட்ஸ்அப் என்று ஒன்று வந்திருக்கிறதாமே என்று ஆளுக்கு ஆள் வியந்துகொண்டிருந்த காலம். கணவருக்கு ஆல்பனியில் கணினி வேலை. எனக்கு அவருடைய விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு விசா. கோயம்புத்தூரில் வாங்கிய ஆடை வடிவமைப்பு டிப்ளமாவை இங்கே எவரும் சீந்தவில்லை. ரெண்டு மாதம் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கோயிலில் அறிமுகமான வதனி அக்கா, "என்னட்ட வாறியா? தையல் தெரியுமெல்லோ?" என்று கேட்டார்.

வதனி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர், நடையும் பேச்சும் ஓட்டம்தான். தன் வீட்டின் இரட்டைக் கராஜில் கார்களை வெளியேற்றிவிட்டு ஒரு பெரிய குவில்ட் இயந்திரத்தை, அதாவது பஞ்சு வைத்த போர்வை தைக்கிற இயந்திரத்தை வைத்திருந்தார். இங்கே நிறையப் பெண்கள் துண்டுத் துணிகளைக் கையால் இணைத்து மேல்துணியைத் தாங்களே தைத்துவிடுவார்கள். அதற்குக் கீழே பஞ்சு விரிப்பு, அதற்கும் கீழே ஓர் அடித்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற தையலை மட்டும் எங்களைப் போன்றவர்களிடம் கொடுத்து இயந்திரத்தில் போட்டுக்கொள்வார்கள். அந்தத் தையல் அலையாக ஓடுவதா, இலையாக, பூவாக, கட்டமாக ஓடுவதா என்று வாடிக்கையாளருடன் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அதுதான் எங்கள் வேலையில் பாதி.

அந்தக் கராஜின் வாசம் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. மெஷின் எண்ணெய், நீராவி இஸ்திரி பட்ட பருத்தி. சமையலறையில் வதனி அக்கா கறித்தூளுக்கு வறுக்கும் நாட்களில் உள்கதவின் அடியில் ஈரத்துண்டைச் சுருட்டி வைப்போம். பின்னே, வெள்ளைக்காரப் பாட்டிகளின் போர்வையில் யாழ்ப்பாணத்துத் தூள் வாசம் ஏறிவிட்டால் என்ன செய்வது!

இயந்திரத்துக்கு சைக்கிள் போல இரண்டு கைப்பிடிகள் உண்டு. துணி அசையாது; நாம்தான் அதை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். நூலை அறுக்காமல் ஒரே ஓட்டமாகப் போகிற டிசைன்தான் நல்லது. அறுத்தால் ஒவ்வோர் இடத்திலும் முடிச்சுப் போட்டு உள்ளே ஒளிக்க வேண்டும், இடுப்பு ஒடிந்துவிடும். இதைக் கேட்டவுடனே எனக்குள் மணி அடித்தது. கம்பிக் கோலம்! புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி வந்து, எங்கே தொடங்கியதோ அங்கேயே முடிகிற ஒரே இழைக் கோலத்தை விடத் தோதான ஓட்டம் எது? எனக்குக் கோலம் வரும். கோயம்புத்தூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், லிஃப்டுக்கு எதிரே இருந்த இரண்டு டைல்ஸ் அளவு இடத்தில் போட்டே இரண்டாம் பரிசு வாங்கியிருக்கிறேன். போட்டியில் மூன்று பேர்தான், ஒருத்திக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்பதை நான் யாரிடமும் சொல்வதில்லை.

வதனி அக்காவிடம் கோலத்தைக் காட்டினேன். "வடிவாத்தான் கிடக்கு" என்றார். "ஆனா பிள்ளை, முதல்ல இது எங்க கிடக்கப் போகுது எண்டு கேக்கோணும். சுவரிலயோ, கட்டில்லயோ, ஆளின்ர மேலயோ? பிறகுதான் டிசைனைப் பற்றிக் கதைக்கிறது. கிட்டக்கிட்டத் தைச்சா மட்டை மாதிரி விறைச்சுப் போயிடும்." நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரி.

அந்தக் குளிர்காலத்தில் அவர் ஒரு கல்யாணத்துக்காக ரெண்டு வாரம் சிட்னி போனார். கராஜ் சாவி என் கையில். அதில் முதல் வாரம்தான் கிரேஸ் அக்கா வந்தார்.

கிரேஸ் அக்கா மலேசியத் தமிழர், பேச்சுக்குப் பேச்சு 'லா' சேர்ப்பவர். பிளாட் புஷ்ஷில் வீடு, முதியோர் இல்லத்தில் வேலை. ஊரின் தென்கோடியிலிருந்து பாலம் தாண்டி வடக்கே எங்களிடம் வந்திருந்தார். பையிலிருந்து அவர் எடுத்து விரித்த மேல்துணியைப் பார்த்து நான் கிட்டே போய்க் குனிந்தேன். நீலம், பழுப்பு, பச்சை, எல்லாம் மெழுகு வைத்துச் சாயமேற்றிய மலேசிய பாத்தேக் துணி. அவருடைய கணவர் சாமுவேல் அண்ணன் சர்ச்சுக்கும் விருந்துக்கும் போட்டுவந்த சட்டைகள். அவருக்குப் புற்றுநோய். உடம்பு இளைத்து, ஒரு சட்டையும் தோளில் நிற்காமல் போயிற்றாம். எல்லாவற்றையும் வெட்டி, வேலையின் இடைவேளைகளில் கையாலேயே இணைத்திருக்கிறார்.

"அவருக்கு எந்நேரமும் குளிருதுலா தங்கச்சி. கம்பளி போட்டா கனம், தோலெல்லாம் வலிக்குதுங்கிறாரு. இது மெத்துன்னு இருக்கணும். சும்மா அலை மாதிரி தூரத் தூரமா ஓட்டிவிட்டா போதும்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிச் சொல்ல முடியும்? சொல்லுங்கள். ஆனால் என் காது கேட்டதே தவிர புத்தி கேட்கவில்லை. புத்தி அதற்குள் பாத்தேக் பூக்களின் மேல் புள்ளி வைக்கத் தொடங்கியிருந்தது.

டிசைன் தேர்வு செய்ய எங்களுக்கு ஒரு வழி உண்டு. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளைத் துணியின் மேல் விரித்து, அழிக்கக்கூடிய மார்க்கரால் அதில் வரைந்து காட்டுவோம். பிடிக்காவிட்டால் துடைத்துவிட்டு வேறு. நான் அலையை ஒரு ஓரத்தில் ஏனோதானோவென்று வரைந்தேன். வேண்டுமென்றே கோணலாக வரைந்தேன் என்பதையும் இப்போது ஒப்புக்கொள்கிறேன். பிறகு நடுவில் கோலத்தை வரைந்தேன், நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு. அவர் கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழகா இருக்குலா. எங்க சர்ச்சுலயும் பொங்கலுக்குக் கோலம் போடுவோம்." தலையைச் சாய்த்து இன்னொரு தடவை பார்த்தார். "ரொம்ப நெருக்கமா இருக்குமோ?"

"ஒரு விரல் இடைவெளிதான் அக்கா. விட்டு விட்டுப் போட்டா கோலமே தெரியாது. நம்ம ஊரு டிசைன், இங்க யாருமே போட்டதில்ல. நீங்க பாருங்களேன்!"

அவர் துணியைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார். "சரிலா, உனக்குப் பிடிச்சிருக்கில்ல? போடு" என்றார்.

ஒன்பது நாள் தைத்தேன். கோலம் ஒரு இடத்தில்கூட அறுபடவில்லை. வேலை முடிந்து இயந்திரத்தின் சட்டத்திலிருந்து கழற்றியபோது போர்வை தொங்கிய விதம் கொஞ்சம் வித்தியாசமாகத்தான் இருந்தது. துவளவில்லை. புதுத்துணி அப்படித்தான், துவைத்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கிரேஸ் அக்கா வந்து வாங்கிக்கொண்டார். கோலத்தின் மேல் உள்ளங்கையை வைத்து ஒருமுறை தடவினார். "எவ்ளோ வேலை! தேங்க்ஸ் தங்கச்சி" என்று என்னைக் கட்டிக்கொண்டார். அன்று வீட்டுக்குப் போய்ப் பாயசம் வைத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிட்னியிலிருந்து திரும்பிய வதனி அக்காவிடம் போனில் படத்தைக் காட்டினேன். "ஐயோ, நல்ல வடிவு" என்றவர், படத்தை விரலால் பெரிதாக்கினார். "எவ்வளவு இடைவெளி விட்டனீ?"

"ஒரு விரல்."

"ஆருக்கு இது?"

சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. போனை என்னிடம் தந்துவிட்டு, "ஒருக்கா போய்ப் பார்த்திட்டு வா" என்றார்.

அந்தச் சனிக்கிழமை ஒரு டப்பா பருப்பு ரசத்துடன் பிளாட் புஷ்ஷுக்குப் போனேன். புறப்படும் முன்பு போன் செய்துவிட்டுத்தான் போனேன், மரியாதைக்காக. வீட்டின் பக்கவாட்டில் பெரிய கண்ணாடிக் கதவு. செருப்பு, ஷூ எல்லாம் அங்கேதான் கழற்ற வேண்டும். உள்ளே வெயில் விழும் இடத்தில் சாய்நாற்காலி. அதில் சாமுவேல் அண்ணன். அவர் மேல், கழுத்து வரைக்கும், என் கோலம்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. வதனி அக்கா வீணாகப் பயமுறுத்திவிட்டார் என்று மனசுக்குள் ஒரு சின்னக் கொண்டாட்டம்கூட. உட்கார்ந்தேன். டீ வந்தது. அண்ணன் மெதுவாகத்தான் பேசினார். "அழகா பண்ணியிருக்கீங்கம்மா. என் சட்டைக்கெல்லாம் இவ்ளோ மரியாதையா!" என்று சிரித்தார். நானும் சிரித்து, புள்ளி எத்தனை, இழை எத்தனை, நூலின் நிறத்தை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று முழுதாக அரைமணி நேரம் அளந்தேன். அவர் கைகள் போர்வைக்குள்ளேயே இருந்தன. நெற்றியில் வேர்த்திருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

விடைபெற்று வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, படியில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தேன். நான் போய்விட்டேன் என்று நினைத்திருப்பார்கள். நிமிர்ந்தபோது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. கிரேஸ் அக்கா அந்தப் போர்வையை இரண்டு கையாலும் பலகையைத் தூக்குவதுபோல அவர் மேலிருந்து தூக்கி எடுத்தார். அவர் கழுத்தோரம் விளிம்பு அழுத்திய இடம் சிவந்து கிடந்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக மூச்சு விட்டார். அக்கா சோஃபாவுக்குப் பின்னாலிருந்து மலிவான ஒரு மெல்லிய ஃபிளீஸ் போர்வையை எடுத்து, அவர் காலிலிருந்து தோள்வரை மெல்லப் போர்த்திவிட்டார். கோலத்தை மடிக்கப் போய், அது மடங்காமல் முரண்டு பிடிக்க, சுவரோரம் நிறுத்திவைத்தார்.

எனக்காக, என் மனம் கோணக்கூடாது என்று, அந்த மனுஷன் அரைமணி நேரம் அதைத் தாங்கிக்கொண்டு சிரித்திருக்கிறார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கதவைத் தட்டி உள்ளே போய்க் காலில் விழுந்திருக்க வேண்டாமா? ஷூ லேஸை முடிச்சுப் போட்டுவிட்டு, சத்தம் வராமல் எழுந்து, காரில் ஏறி வந்துவிட்டேன். பாலம் தாண்டும்வரை அழக்கூட இல்லை. அவ்வளவு பயம், யாரோ என்னைப் பார்த்துவிட்டதைப் போல.

திங்கட்கிழமை வதனி அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிரித்துவிடலாம், நான் ராப்பகலாக உட்கார்ந்து பிரிக்கிறேன் என்றேன். அவர் ஒரு துண்டு பாத்தேக்கை எடுத்து, ஊசியால் வரிசையாகக் குத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சாதாரணப் பருத்தி என்றால் துவைத்தால் துளை மூடிக்கொள்ளும். பாத்தேக் நெருக்கமான நெசவு, ஒருமுறை குத்தினால் குத்தினதுதான். "பிரிச்சாலும் அந்தச் சட்டையெல்லாம் சல்லடைதான் பிள்ளை. அதோட, அந்த மனுசனுக்கு எங்க அவ்வளவு நாள் கிடக்கு?"

இருக்கவில்லை. ஐந்து வாரம்தான். சர்ச்சில் அவருடைய சவப்பெட்டியின் மேல் அந்தப் போர்வையை விரித்திருந்தார்கள். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு தொய்வு இல்லை. விறைப்பாக, கோலம் முழுசாகத் தெரிய, அளவெடுத்துச் செய்ததுபோல அங்கே பொருந்தியிருந்தது. வந்தவர்கள் எல்லாம் குனிந்து குனிந்து பார்த்தார்கள். யார் செய்தது என்று யாரோ கேட்க, கிரேஸ் அக்கா கூட்டத்தில் தேடி என் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினார். "இவதான். எங்க தங்கச்சிதான் செஞ்சா. அவருக்கு ரொம்பப் பிடிச்சிருந்திச்சு."

நான் "தேங்க்ஸ்" என்றேன். எல்லோரிடமும், ஒவ்வொருவராக வந்து பாராட்டப் பாராட்ட, தேங்க்ஸ், தேங்க்ஸ் என்று சொல்லிக்கொண்டே நின்றேன்.

அந்தக் கராஜ் இப்போது இல்லை. வதனி அக்கா இடத்தை விற்றுவிட்டு சிட்னிக்கே போய்விட்டார். கராஜ் இருந்த இடத்தில் ஒட்டி ஒட்டி ஆறு வீடுகள் நிற்கின்றன. இயந்திரத்தை யார் வாங்கினார்கள் என்று தெரியாது. நான் அதற்குப் பிறகு கோலம் தைக்கவில்லை, தரையில்கூடப் போடவில்லை. கிரேஸ் அக்கா வீட்டை விற்றுவிட்டு மகனோடு இருக்க மலேசியாவில் ஈப்போவுக்குத் திரும்பினார். முதல் இரண்டு கிறிஸ்துமஸுக்கு அவரிடமிருந்து வாழ்த்து வந்தது. இரண்டு முறையும் பதில் எழுதத் தொடங்கி, நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று நாலு வரி தட்டி, அழித்துவிட்டு, "ஹேப்பி கிறிஸ்துமஸ் அக்கா" என்று மட்டும் அனுப்பினேன். மூன்றாம் வருஷம் வாழ்த்து வரவில்லை. துணிந்து நானே எண்ணை அழுத்தினேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பதிவுக்குரல் மலாயிலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிச் சொன்னது. அக்கா, நான் அன்றைக்கு உடனே போய்விடவில்லை, கண்ணாடிக்கு வெளியேதான் இருந்தேன் என்று அந்தக் குரலிடமா சொல்ல முடியும்?