நாலரை அக்கா

"தொட்டுக்கிட்டு இருக்கா, இல்ல சும்மா பக்கத்துல இருக்கா?"

பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரைக் கண்ணால் காட்டி நாலரை அக்கா என்னைக் கேட்கிறார். ஒருவர் செய்தித்தாள் படிக்கிறார், இன்னொருவர் தூங்கி வழிகிறார். தூங்குகிறவரின் முழங்கை படிக்கிறவரின் விலாவில் பட்டும் படாமலும் இருக்கிறது. தொடுகிற மாதிரிதான் தெரிகிறது என்கிறேன். "மாதிரியெல்லாம் என்கிட்ட செல்லாதுங்க. அளந்து சொல்லணும்" என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸில் ஏறுகிறார். ஏறியதும் தோள்பையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றுகிறார், கூட்டம் வலது பக்கம் என்பதால். அந்தப் பை எப்போதும் அவருக்கும் அடுத்த மனிதருக்கும் நடுவில்தான் இருக்கும். அவரைப் பற்றி எழுதுவதற்காக மூன்று வாரம் அவர் பின்னாலேயே சுற்றியதில் நான் முதலில் கற்றுக்கொண்ட பாடம் அது.

வயது ஐம்பத்துமூன்று. ஓர் ஆராய்ச்சிக் கூடத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னலை ஒட்டிய மேஜை அவருடையது. லிஃப்ட் என்று ஒன்று உண்டு, அதன் கதவில் 'பழுது' என்ற அட்டையும் நிரந்தரமாக உண்டு. நம் உடம்பில் வேலை செய்யும் புரதங்களில் யார் யாரைத் தொடுகிறார்கள் என்று பார்த்துச் சொல்வதுதான் அக்காவின் உத்தியோகம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் செய்கிற வேலையா இது என்று நினைத்தேன். நினைத்ததை வாய் விட்டும் சொல்லித் தொலைத்தேன்.

அவர் கோபப்படவில்லை. கழுத்தில் கிடந்த பாசிமாலையைக் கழற்றி மேஜைமேல் நீளமாக வைத்தார். "இதுல ஒவ்வொரு மணியும் ஒரு அமினோ அமிலம். நான் ஆள்னு சொல்லுவேன். இப்படி நீட்டி வச்சா இதுக்கு ஒரு வேலையும் தெரியாது, தண்டம்." பிறகு அதைச் சுருட்டி உள்ளங்கையில் உருட்டினார். "இப்ப பாருங்க, பன்னெண்டாவது ஆளும் நூத்தித் தொண்ணூறாவது ஆளும் அக்கம்பக்கம் ஆயிட்டாங்க. இந்த மாதிரி ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டாத்தான் உருவம் நிக்கும். உருவம் நின்னாத்தான் வேலை நடக்கும்."

எவ்வளவு நெருங்கினால் தொடுகை என்று கேட்டேன். நாலரை ஆங்ஸ்ட்ராம் என்றார். ஒரு மில்லிமீட்டரைக் கோடிப் பங்கு போட்டால் வருகிற ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம். அதில் நாலரைக்குள் இருந்தால் தொடுகை, தாண்டினால் இல்லை. நாலரைக்கு ஒரு தலைமுடி தாண்டினாலும் இல்லையா என்று கேட்டுவிட்டு, தலைமுடி இந்தக் கணக்கில் ஒரு மலை என்பது புரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். வரிசையில் முன்னும் பின்னும் நிற்பவர்களை அவர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "கியூவுல முன்னால நிக்கிறவன் மேல இடிக்கத்தான் செய்வோம். அதுக்காக அவன் நமக்குச் சொந்தக்காரனா?" என்பது அவர் வாதம். கூடத்தில் எல்லாரும் அவரை நாலரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரைவிட மூத்த துறைத்தலைவரே அப்படித்தான் கூப்பிடுகிறார்.

கம்ப்யூட்டர் இந்தப் பட்டியலைக் கண் மூடித் திறப்பதற்குள் போட்டுவிடும். அக்கா அதோடு விடமாட்டார். கட்டம் போட்ட தாளில் குறுக்கும் நெடுக்கும் ஆள் எண்களை எழுதி, தொடுகிற ஜோடிக்கெல்லாம் பென்சிலால் புள்ளி வைப்பார். "கை ஒருதடவை செஞ்சாத்தான் மண்டையில ஏறும்." தாளில் புள்ளிகள் கோலி விளையாடினாற்போல் சிதறிக் கிடக்கும். சில வரிசைகளில் கூட்டமாக இருக்கும், சில வரிசைகள் வெறுமையாக இருக்கும்.

இந்தப் பைத்தியம் வீடு வரைக்கும் போயிருக்கிறது. அவர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இதே மாதிரி ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. குறுக்கே சொந்தக்காரர்கள், நெடுக்கேயும் அதே சொந்தக்காரர்கள், யார் யாரோடு பேச்சுவார்த்தை வைத்திருக்கிறார்களோ அங்கே புள்ளி. "என் நாத்தனாருக்கும் என் தங்கச்சிக்கும் நடுவுல மூணு வருஷமா வெள்ளை. பாத்தா தெரியுதுல்ல? விசேஷத்துல யாரை எங்க உட்கார வைக்கணும்னு இதைப் பாத்துத்தான் முடிவு பண்ணுவேன்." அவர் கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர், சாது. மனைவி உள்ளே போன நேரம் பார்த்து என் காதருகே வந்தார். "இருபத்தாறு வருஷம் ஆச்சு சார். இன்னைக்கும் சினிமா தியேட்டர்ல எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பைதான் உட்காந்திருக்கும். டிக்கெட் வாங்காத ஆள் சார் அது." உள்ளேயிருந்து, "காது கேக்குது" என்று குரல் வந்தது.

நான் மூக்கை நுழைத்தது ஒரு திங்கட்கிழமை காலையில்.

மருத்துவமனைகளிலிருந்து இந்தக் கூடத்துக்குச் சீட்டுகள் வரும். ஒரு நோயாளியின் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அதனால் இன்ன புரதத்தில் இன்ன ஆள் மாறிவிட்டார், அதுதான் நோய்க்குக் காரணமா என்று டாக்டர் கேட்பார். அந்த ஆள் யாரையெல்லாம் தொடுகிறார் என்று அக்கா பார்ப்பார். நாலைந்து பேரைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆள் மாறினால் வினை. யாரையும் தொடாத ஆள் மாறினால் பெரும்பாலும் குற்றமில்லை. வியாழக்கிழமை அனுப்பிய ஒரு சீட்டின் தாள் இன்னும் மேஜைமேல் கிடந்தது. நோயாளி முப்பத்தொரு வயதுப் பெண், துணிக்கடையில் நின்றபடி வேலை, ஒரு வருடமாகப் படி ஏற முடியவில்லை. பெயர் கிடையாது, வெறும் எண். மாறியவர் நூற்று நாற்பத்துமூன்றாம் ஆள். அவர் வரிசையில் ஒரு புள்ளிகூட இல்லை. 'தொடுகை இல்லை, காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு' என்று அறிக்கை போய்விட்டது.

"பாவம், இந்த ஆள் மட்டும் ஏன் அக்கா இப்படித் தனியா வெளிய நிக்கிறார்?" என்று சும்மாதான் கேட்டேன்.

"வெளிய தண்ணி இருக்குங்க. தண்ணி பிடிக்கிற ஆளுங்க வெளிய நிப்பாங்க. எண்ணெய்ப் பசை ஆளுங்க தண்ணிக்குப் பயந்து உள்ள போயி ஒளிஞ்சுக்குவாங்க."

"அப்ப இவர் தண்ணி ஆளா?"

அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்தவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நூற்று நாற்பத்துமூன்று சுத்தமான எண்ணெய்ப் பசை ஆள். அப்படிப்பட்டவர் வெட்டவெளியில் தண்ணீரில் தனியாக நிற்பதற்கு நியாயமே இல்லை.

கம்ப்யூட்டரில் அந்தப் புரதத்தின் வடிவம் இருக்கும் கோப்பைத் திறந்தார். ஆரம்பத்தில் பொடி எழுத்தில் பக்கக்கணக்காக ஓடும் குறிப்புகளைக் கீழே தள்ளிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. அந்தப் புரதம் தனியாக வேலை செய்வதில்லை, இரண்டு இரண்டாகச் சேர்ந்துதான் வேலை செய்யும், கோப்பில் இருப்பது ஜோடியில் ஒன்று மட்டும், மற்றதை இன்ன விதமாகத் திருப்பி வைத்துப் போட்டுக்கொள்ளவும் என்று அங்கே எழுதியிருந்தது. ஜோடியாக எடுத்த படத்தை நடுவில் கிழித்து, ஒரு பாதியைப் பார்த்து, இந்தம்மா பக்கத்தில் யாருமே இல்லை என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

மற்ற பாதியைப் போட்டதும் திரையில் இரண்டு சுருள்கள் ஒட்டி நின்றன. ஒட்டிய இடத்தின் நட்டநடுவில் நம் நூற்று நாற்பத்துமூன்று. அடுத்த சுருளின் இருநூற்றேழாம் ஆளிடமிருந்து மூன்று புள்ளி எட்டு ஆங்ஸ்ட்ராம். அந்த ஒருவரை மட்டுமல்ல, மொத்தம் ஐந்து பேரைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

"படிக்காம விட்டது நான்தான்" என்றார் அக்கா. "அன்னைக்கு அஞ்சு சீட்டு வந்துச்சு, அவசரம்னாங்க. அவசரம்னா என்ன, கண்ணு அவிஞ்சா போச்சு?" இருபத்துநான்கு வருடத்தில் ஓர் அறிக்கையைக்கூட அவர் திரும்ப வாங்கியதில்லை. சீட்டை மறுபடி கையில் எடுத்தார். மரபணு காரணமில்லை என்றால் செவ்வாய் காலை தொடையில் வெட்டிச் சதை எடுத்துப் பார்ப்பதாக அடியில் எழுதியிருந்தது. செவ்வாய் என்றால் மறுநாள்.

"வெட்டுறதுகூட ஆறிடுங்க" என்றார் என்னிடம். "குத்தவாளியை நிரபராதின்னு எழுதிக் கொடுத்துட்டேன். இனிமே ஒருத்தரும் அந்தப் பக்கம் திரும்பிப் பாக்க மாட்டாங்க. அந்தப் பொண்ணு ஆயுசுக்கும் ஊர் ஊரா டாக்டரைத் தேடி அலையும்." வேடிக்கை பார்க்க வந்த இடத்தில் இப்படி ஒரு பெண்ணின் கால் கிடக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

துறைத்தலைவர் நல்ல மனிதர், ஆனால் கூடத்தின் பெயரைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரிக் கையில் ஏந்தித் திரிபவர். "திருத்தம்னு அனுப்பினா அடுத்த தடவை நம்மளை யாரு நம்புவா அக்கா? வெள்ளிக்கிழமை கூட்டத்துல வச்சுப் பேசி, முறையா ஒண்ணு எழுதிடலாமே."

"வெள்ளிக்கிழமைக்குள்ள கத்தி பட்டுடும் சார்."

"சின்ன வெட்டுதானே..."

"உங்க கால்லயா சார்?" என்றார் அக்கா. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அக்கா அவர் மேஜைத் தொலைபேசியையே இழுத்து எண்ணை அழுத்தினார்.

டாக்டர் வார்டில் இருக்கிறார் என்றார்கள். அரை மணி கழித்துக் கூப்பிட்டால் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். அக்கா தன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. மூன்றாவது முறை டாக்டரே எடுத்தார். "வியாழக்கிழமை வந்த அறிக்கை தப்பு சார். தப்பு பண்ணினது நான்" என்று ஆரம்பித்தார் அக்கா, தன் பேர் சொல்லி, சீட்டு எண் சொல்லி. எதிர்முனையில் என்னவோ கேட்டார்கள். "சந்தேகம் உறுதி சார். நோய் உறுதின்னு என்னால சொல்ல முடியாது. ரத்தத்துல அந்தப் புரதம் எவ்வளவு வேலை செய்யுதுன்னு அளந்து பாருங்க. அது சரியா இருந்தா அப்புறம் வெட்டுங்க." போனை வைத்துவிட்டுத் தன் மேஜைக்கு வந்தார். மேஜையில் பழைய தாள் கிடந்தது. அதை அவர் கிழிக்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை. அதன் பக்கத்தில் இன்னொரு தாளை வைத்து, இரண்டையும் செலோ டேப் போட்டு ஒட்டி, ஒட்டிய விளிம்பைத் தாண்டி ஐந்து புள்ளிகள் வைத்தார்.

பத்து நாளில் முடிவு வந்தது. அந்தப் புரதம் அவள் உடம்பில் ஐந்தில் ஒரு பங்குதான் வேலை செய்கிறது. வெட்டவில்லை. ஒரு விட்டமின் மாத்திரையை அதிக அளவில் கொடுத்துப் பார்க்கிறார்கள். குணமாகுமா என்பது போகப்போகத்தான் தெரியும் என்று டாக்டர் எழுதியிருந்தார். அக்கா அந்தக் கடிதத்தை நாலு தடவை படித்தார். ஐந்தாவது தடவை என்னைப் படிக்கச் சொன்னார்.

என் மூன்றாவது வாரத்தின் கடைசி நாள், மறு பரிசோதனைக்காக டாக்டர் அனுப்பி, கீழ்த்தளத்தில் ரத்தம் கொடுக்க வந்த ஒரு பெண், டாக்டருக்குப் போன் செய்த அம்மாவைப் பார்க்க வேண்டும் என்கிறாள் என்று வாட்ச்மேன் வந்து சொன்னார். மேலே வரச் சொல்லலாமே என்று வாயெடுத்தவன் லிஃப்ட் அட்டையை நினைத்து அடக்கிக்கொண்டேன். அக்கா ஒட்டுப்போட்ட தாளைச் சுருட்டிக்கொண்டு, வீட்டுக்குக் கிளம்புகிற நேரம் என்பதால் பையையும் மாட்டிக்கொண்டு இறங்கினார்.

அவள் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். "எங்கிட்ட எது கெட்டுப்போச்சுன்னு பாக்கணும்னு தோணுச்சும்மா" என்றாள். அக்கா அவள் பக்கத்தில், நடுவில் பையை வைத்து, உட்கார்ந்தார். தாளை விரித்து ஐந்து புள்ளிகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். "முதல்ல நான் இந்தப் பாதியை மட்டும்தான் பாத்தேன். தப்பு என்னுது. நாலு நாள் உங்களைத் தூங்க விடாம பண்ணிட்டேன்" என்றார். அவள் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தனூண்டு புள்ளியா என்னைப் படி ஏற விடாம பண்ணுது?" என்று சிரித்தாள். சிரித்ததும் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

வாசலில் அவளுக்கு ஆட்டோ வந்து நின்றது. எழுந்திருக்கக் கைப்பிடி தேடினாள். கைப்பிடிக் கம்பி சுவர் ஓரமாக, எட்டாத பக்கம் இருந்தது. நான் ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் அக்கா எழுந்து பையை மாட்டிக்கொண்டு நின்றார். பழக்கதோஷம், அது அவள் பக்கத்துத் தோளில்தான் தொங்கியது. அவள் கை அரைவாசி நீண்டு, பையைப் பார்த்துத் தயங்கியது.

அக்கா பையைக் கழற்றி மறு தோளில் மாட்டிக்கொண்டு, அவளை ஒட்டி நின்றார்.